ஆயில் குடிக்கிற வண்டி

பட்டறையில் வண்டிகளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் ஏதோ ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற மாதிரி இருக்கும். வண்டி இருமுகிறது, திணறுகிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, காலையில் எழுந்திருக்க அடம் பிடிக்கிறது என்பார்கள். இதெல்லாம் சில்லறை வியாதிகள். வண்டி ஆயில் குடிக்கிறது என்று யாராவது வந்து சொன்னால்தான் மெக்கானிக் கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைப்பார். அது இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டிய வியாதி. அதிலும், பிரித்துக் கட்டி நாலு மாதம்கூட ஆகாத இன்ஜின் குடிக்கிறது என்றால் வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டிய கையைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வண்டியைக் கட்டிய கை சாமான்யக் கை இல்லை. சந்து முனையில் தகரக் கூரை போட்ட அந்தப் பட்டறைக்காரரை அக்கம்பக்கத்தில் எல்லோரும் 'நகம்' என்றுதான் சொல்வார்கள். வலது கைக் கட்டைவிரல் நகத்தைக் கொஞ்சம் நீளமாக விட்டிருப்பார். சிலிண்டருக்குள் கையை விட்டு அந்த நகத்தால் சுவரை ஒரு இழுப்பு இழுத்தாரானால், கண்ணுக்குத் தெரியாத கீறலும் அவருக்குத் தெரிந்துவிடும். அவர் கட்டிய இன்ஜின் திரும்பி வந்ததில்லை. அப்படித்தான் அவரும் சொல்வார், ஊரும் சொல்லும்.

பட்டறையின் ஒரு மூலையில் தையல் மெஷின் போட்டு அவர் மனைவி கார்களுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருப்பாள். அவர் வண்டியின் வயிற்றைப் பார்ப்பார், அவள் வண்டியின் உடுப்பைப் பார்ப்பாள். பின்பக்கம் மரப்படி ஏறினால் மேலே இரண்டு அறை வீடு. இருபது வருஷமாக இதே ஏற்பாடுதான். மூன்று வருஷமாக மட்டும் ஒரு புது வழக்கம் சேர்ந்திருந்தது. மெக்கானிக் செய்தித்தாளைக் கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

"கை நீளம் பத்தலன்னா சொல்லுங்க, எதிர் வீட்டுல பேப்பரைப் புடிச்சுக்கச் சொல்றேன்" என்பாள் அவள், தன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

"கண்ணாடி போட்ட மெக்கானிக்கிட்ட எவன்டி வண்டிய விடுவான்? எனக்குக் கண்ணு இங்க இருக்கு" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்.

வண்டி வேறு யாருடையதும் இல்லை. அவருடைய தங்கை புருஷனுடையது. மாப்பிள்ளை வாடகைக் கார் ஓட்டுபவன். நல்ல ஓட்டுநர், ஆனால் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். கல்யாணமான முதல் ஆறு வருஷமும் தங்கை பட்ட பாட்டை எழுதி மாளாது. பிறகு ஒரு நாள், யாரும் எதிர்பார்க்காத ஒரு சாதாரண நாளில், அவனாகவே நிறுத்தினான். யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்யவில்லை, யார் காலிலும் விழவில்லை. "போதும்னு இருக்கு" என்றான், அவ்வளவுதான். இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகியிருந்தது. இந்தக் கணக்கை அவன் ஒருவன்தான் வைத்திருந்தான். மற்றவர்கள், எப்போது திரும்ப ஆரம்பிப்பான் என்பதில்தான் கவனமாக இருந்தார்கள். அவர்களில் முதல் ஆள் மெக்கானிக். வாயைத் திறந்து சொன்னதில்லையே தவிர, மனசுக்குள் அவனை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை.

இன்ஜின் கட்டி ஒரு மாதத்தில் மாப்பிள்ளை முதல் தடவை வந்து நின்றான்.

"மச்சான், வண்டி ஆயில் குடிக்கிற மாதிரி இருக்கு."

"புது ரிங் மாப்ள. சுவரோட பழக வேணாமா? கொஞ்ச நாள் குடிக்கத்தான் செய்யும்."

"ஆயில் எதுக்கு மச்சான் மேல போகுது? கீழதானே இருக்கணும்?"

இந்த மாதிரிக் கேள்வி கேட்டால் மெக்கானிக்குக் குஷி வந்துவிடும். தொடையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"உங்களுக்கு விரல்ல மோதிரம் மாட்டிக்கிச்சு, கழட்ட வரல. என்ன பண்ணுவீங்க? சோப்பு தடவுவீங்க. வழுக்கிட்டு வந்துடும். இங்கயும் அதே கதைதான். பிஸ்டன் ஒரு நிமிஷத்துல ஆயிரம் தடவை, ரெண்டாயிரம் தடவை மேல கீழ போய்ட்டு வருது. இரும்பு குழாய்க்குள்ள அது சும்மா போனா என்ன ஆகும்? ஒண்ணை ஒண்ணு தின்னுடும். அதனால கீழ தொட்டியில கெடக்கிற ஆயில் சுவர் மேல தெறிச்சு, மெல்லிசா ஒரு பூச்சா நிக்கும். தலைமுடியவிட மெல்லிசு. அந்தப் பூச்சு மேலதான் பிஸ்டன் ஓடுது. சுவரைத் தொடறதே இல்ல. சூட்டையும் அந்த ஆயில்தான் எடுத்துட்டுப் போகுது, பொடியையும் அதுதான் கழுவி விடுது."

"அப்ப நெறைய ஆயில் இருந்தா நல்லதுதானே?"

"அங்கதான் சூட்சுமமே இருக்கு. கொறஞ்சா கடிச்சுக்கும், கூடினா மேல போய் நெருப்புல எரிஞ்சு புகையாயிடும். அதுக்குத்தான் பிஸ்டனுக்கு மூணு வளையம், ரிங்குன்னு சொல்றோமே அது. மேல இருக்கிறது நெருப்பைக் கீழ விடாது. கடைசில இருக்கிறது மிச்ச ஆயிலை வழிச்சுத் தொட்டிக்கு அனுப்பும். நடுவுல இருக்கிறவன் ரெண்டு பேருக்கும் ஒத்தாசை. போகும்போது ஆயில் மேல வழுக்கிட்டுப் போவான், வரும்போது சுரண்டிட்டு வருவான். மூணு பேரும் ஒழுங்கா இருந்தா வண்டி ஏன் குடிக்கப் போகுது?"

"காலையில ஸ்டார்ட் பண்ணா நீலப் புகை வருது மச்சான்."

மெக்கானிக் எழுந்துவிட்டார். "வரும், நிக்கும். ஆயில் அளவு கோலைத் தினம் இழுத்துப் பாருங்க, கொறஞ்சா ஊத்துங்க."

நீலப் புகை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. வேறு யாராவது கட்டிய இன்ஜின் என்றால் கேட்ட மாத்திரத்தில், "பிரிங்க, ரிங் பார்க்கணும்" என்று சொல்லியிருப்பார். இது தான் கட்டியது. அதனால் புகைக்குப் பத்துக் காரணம் தேடினார்.

மாப்பிள்ளை சொன்னபடி கேட்டான். தினமும் காலையில் அளவு கோலை இழுத்துத் துணியில் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பார்த்தான். வாரத்துக்கு ஒரு லிட்டர் ஊற்றினான். இன்னும் இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும், "எந்தக் கடை ஆயில் ஊத்தறீங்க? அந்தக் கடைக்காரன் கலப்படம்" என்றும், "ஏத்தத்துல மிதிக்காதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

நாலாவது தடவை வண்டி தானாக வரவில்லை. இன்னொரு வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். தூரத்துச் சவாரி, நடுவழியில் ஆயில் விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை உடனே ஓரம் கட்டி நிறுத்திவிட்டான். ஆனாலும் அதற்குள் அடியில் டொக் டொக்கென்று சத்தம் வந்துவிட்டதாம்.

அன்றைக்கு வியாழக்கிழமை, மத்தியானம். கார் ஸ்டாண்டில் நிற்கும் ஓட்டுநர்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். விஷயம் கேள்விப்பட்டுத் தங்கையும் வேலை செய்யும் கடையிலிருந்து ஓடி வந்திருந்தாள். மெக்கானிக் குனிந்து அளவு கோலை உருவினார். நுனியில் ஈரம் மட்டும்தான் இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"நகம் கட்டின இன்ஜினா இப்படி?" என்றான் கூட்டத்தில் ஒருவன். கேலியாகக்கூடச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டான்.

அது மெக்கானிக்குச் சுருக்கென்று தைத்தது. வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார்.

"ஆயில் ஊத்துனியா?"

அதுவரை மாப்பிள்ளையை அவர் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

"திங்கக்கிழமை ஊத்தினேன் மச்சான். ஒரு லிட்டர்."

"ஊத்தினா எங்க போச்சு? கீழ ஒழுகல. ஆவியாப் போச்சா?"

"அதான் சொல்றேனே மச்சான், வண்டி குடிக்குதுன்னு..."

"வண்டி குடிக்கலடா" என்றார் மெக்கானிக், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஓட்டறவன் குடிச்சிருக்கான். குடிச்சவனுக்கு ஆயில் ஞாபகம் எங்க வரும்?"

யாரோ சிரித்தார்கள். சிரித்தவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். சொன்ன வார்த்தை அழகாக விழுந்துவிட்டது. அதுதான் கெடுதலாகப் போயிற்று. அழகாக விழாமல் இருந்திருந்தால் சாயங்காலத்துக்குள் மறந்திருப்பார்கள்.

மாப்பிள்ளை திரும்பித் தன் மனைவியைத்தான் பார்த்தான். ஆறு வருஷம் ஏமாந்தவள் அவள். அவளுக்குக் கண் கலங்கியது. "திரும்பவுமா?" என்றாள், மெதுவாக. அவன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை அவள் ஏற்கனவே ஆயிரம் தடவை பார்த்தவள். அன்று சாயங்காலமே ஒரு பையோடு அண்ணன் வீட்டுப் படியேறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்யாமல், நாள் முழுக்கச் சலசலவென்று ஒரே மாதிரி. தகரக் கூரைக்கு அடியில் இரண்டு பேர் பேசிக்கொள்வதென்றால் கத்த வேண்டியிருந்தது. மெக்கானிக்குக் கையில் வேறு இரண்டு வண்டிகள் இருந்தன. மாப்பிள்ளையின் கார் ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் அவர் மனைவி ஏதாவது சொல்வாள்.

"விளக்கு எரிஞ்சதும் நிறுத்திட்டாராமே. குடிச்சிருந்தா விளக்கைப் பார்த்திருப்பாராங்க?"

"நீ சீட் கவர் தை."

"தைக்கிறேன். இருந்தாலும் கேக்கறேன்."

"கேக்காம தை."

செவ்வாய்க்கிழமை வேறு வேலை இல்லாமல் போனது. தார்ப்பாயை விலக்கி, இன்ஜினை இறக்கி, பிரித்தார். இன்ஜினின் தலைப்பகுதியைத் தூக்கியதுமே பிஸ்டன்களின் மேல்பக்கம் தெரிந்தது. எண்ணெயும் கரியும் கலந்து, ஈரமாக, அடுப்பில் பொங்கி வழிந்து காய்ந்த பாத்திரத்தின் அடிபோல் இருந்தன. ஆயில் ஊற்றாத வண்டியில் இது வராது. ஊற்றியதெல்லாம் மேலே ஏறி எரிந்திருக்கிறது. மாப்பிள்ளை ஊற்றியிருக்கிறான். லிட்டர் லிட்டராக ஊற்றியிருக்கிறான்.

மெக்கானிக்குக் காது சூடானது. சரி, ஏதாவது வளையம் உடைந்திருக்கும், அது விதி, அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று தேற்றிக்கொண்டு பிஸ்டன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாகத் துணி மேல் வைத்தார். ஒரு வளையமும் உடையவில்லை. சிலிண்டருக்குள் கையை விட்டு நகத்தால் இழுத்தார். ஒரு கீறல் இல்லை. ஆயில் தங்குவதற்காகச் சுவரில் போட்ட குறுக்குக் கோடுகள்கூட அப்படியே இருந்தன. எல்லாம் நன்றாக இருந்தது. அப்படியென்றால் ஏன் குடித்தது?

முதல் பிஸ்டனின் நடு வளையத்தைக் கழற்றினார். வழக்கப்படி, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலே இருக்கும்படித் துணியில் வைத்தார். பெட்ரோலில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். நடு வளையத்தை லேசாகச் சாய்வாகக் கடைந்திருப்பார்கள். அதற்கு மேல் கீழ் உண்டு. எது மேல் என்று காட்ட ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி குத்தியிருப்பார்கள். அதை அவர் கண்ணால் தேடியதே இல்லை. நகத்தை ஓட்டினால் புள்ளியில் தட்டும், அவ்வளவுதான். இந்த வளையங்களை மாட்டிய அன்றைக்கும் நகத்தை ஓட்டினார். எங்கேயும் தட்டவில்லை. "இந்த செட்ல அடையாளமே போடல, எந்தப் பக்கம் போட்டாலும் ஒண்ணுதான் போல" என்று முடிவு கட்டினார். டப்பாவுக்குள் பொடி எழுத்தில் ஒரு காகிதம் இருந்தது. அதில் கையைத் துடைத்துப் போட்டது இப்போது ஞாபகம் வந்தது.

மனைவி டீ போட மேலே போயிருந்தாள். தையல் மெஷின் மேல் அவளுடைய கண்ணாடி மடங்கிக் கிடந்தது. மெக்கானிக் படிப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். திருட்டுப் பூனை மாதிரி போய் அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

முதலில் தெரிந்தது அவருடைய கைதான். அடக் கடவுளே, இவ்வளவு வெடிப்பா! ரேகை ரேகையாகக் கறுப்பு ஏறி, யாரோ ஒரு கிழவனின் கைபோல் இருந்தது. பிறகு வளையத்தை எடுத்தார். மேலே இருந்த பக்கம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. திருப்பினார். அடிப்பக்கத்தில், மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல், இரும்பின் நிறத்திலேயே மூன்று ஆங்கில எழுத்துகள். 'டாப்.' குத்தாமல், லேசாகச் சுட்டு எழுதியிருந்தார்கள். எந்த நகத்துக்கும் அது தட்டாது. பேப்பர் படிக்கத் தெரிந்த யார் கண்ணுக்கும் தெரியும்.

இரண்டாவது பிஸ்டனின் நடு வளையத்தைக் கழற்றினார். தலைகீழ். மூன்றாவது நேர். நாலாவது தலைகீழ். ஆயிலைக் கீழே சுரண்டி அனுப்ப வேண்டியவன் தலைகீழாக நின்றுகொண்டு, வாசலுக்குப் பெருக்க வேண்டிய குப்பையை அடுப்படிக்குப் பெருக்குவதுபோல, இத்தனை மாதமாக மேலே மேலே அள்ளிக் கொடுத்திருக்கிறான். நேராக இருந்த அந்த ஒன்றுக்கும் அவர் பெருமைப்பட ஒன்றுமில்லை. அது தற்செயலாக விழுந்தது.

"என்னங்க?"

மனைவி டீ தம்ளரோடு படியில் நின்றிருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றக்கூட மறந்துவிட்டிருந்தார். அவள் வந்து தம்ளரை வைத்துவிட்டு, அவர் கையிலிருந்த வளையத்தை வாங்கி, கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஏதோ எழுதியிருக்கு."

"எழுதியிருக்கு."

"எந்தப் பக்கம் இருக்கணும்?"

"மேல."

"எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவர் கட்டைவிரலைக் கீழே காட்டினார். சாதாரண நாளாக இருந்தால் இந்த விஷயத்தை வைத்து ஒரு வருஷத்துக்குக் கிண்டல் பண்ணியிருப்பாள். இப்போது தன் கண்ணாடியை அவர் மூக்கிலிருந்து அவளே மெதுவாகக் கழற்றி, முந்தானையில் துடைத்தாள். அவள் கிண்டல் பண்ணாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க."

"மழை கொட்டுது."

"குடை இருக்கு."

"சாயங்காலம் பார்க்கலாம்."

சாயங்காலம் வந்தது, ராத்திரிச் சாப்பாடும் வந்தது. மூன்று பேரும் மேலே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தங்கைதான் பரிமாறினாள். வந்த நாளிலிருந்து அண்ணன் வீட்டில் சும்மா இருக்கக் கூசி, எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தாள். அண்ணனுக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள்.

"எனக்கெதுக்கு? நீ சாப்பிடு."

"சாப்பிடுண்ணே. நீ மட்டும் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கலன்னா நான் இன்னும் நம்பிட்டே இருந்திருப்பேன்." குழம்புக் கரண்டியை அவள் கீழே வைத்தாள். "கொஞ்ச நாளா நல்லாத்தான் இருந்தாரு. சாயங்காலம் வந்தா எனக்குக் காய் நறுக்கிக் குடுப்பாரு. அதைப் பார்த்தே ஏமாந்துட்டேன். நேத்துகூடக் கடைக்கு வெளிய வந்து நின்னாரு. 'நான் தொடலம்மா, எதுமேல வேணா அடிச்சுச் சொல்றேன்'னாரு. அந்தக் காலத்துல என் தாலி மேலயே அடிச்சுச் சொன்னவருதானே! நீங்க போங்கன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன். மழையில ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தாருண்ணே."

மெக்கானிக்கின் வாயில் சோறு அப்படியே நின்றது. எதிரில் மனைவி சாப்பிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்க, சொல்லுங்க என்று அந்தப் பார்வை பிடித்துத் தள்ளியது. தங்கை அவரைப் பார்த்த பார்வையில் நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த முகத்துக்கு நேராக வாயைத் திறக்க அவரால் முடியவில்லை. தண்ணீரைக் குடித்துச் சோற்றை உள்ளே தள்ளினார். கூடுதல் முட்டையையும் சாப்பிட்டுத் தொலைத்தார்.

கை கழுவுகிற இடத்தில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்லுவேன். சும்மா போய் வெறுங்கையோட நின்னு எப்படிச் சொல்றது? நாளைக்கு வண்டியைச் சரியாக் கட்டி, ஓட்டிப் பார்த்து, கொண்டுபோய் அவர் வாசல்ல நிறுத்திட்டுச் சொல்றேன். அவருக்கும் ஒரு மாதிரி ஆறுதலா இருக்கும்."

"அவருக்கா, உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்னே வெச்சுக்க."

புதன்கிழமை அவர் உழைத்த மாதிரி இருபது வருஷத்தில் உழைத்ததில்லை. புது வளையங்கள் வாங்கி வந்து, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வளையத்தையும் அவள் கண்ணாடி வழியாகப் பார்த்து "இது மேல" என்று சொல்ல, அவர் வாங்கி மாட்டினார். தேய்ந்த பேரிங்கை மாற்றினார். சிலிண்டர் சுவர் முழுக்கக் கையாலேயே எண்ணெய் தடவினார். குழந்தைக்குத் தடவுகிற மாதிரி ஒரு இடம் விடாமல் தடவினார். நடுவில் மனைவி ஒரு தடவை, "மத்தியானம் ஒரு நடை போய்ச் சொல்லிட்டு வந்து மிச்சத்தைப் பண்ணுங்களேன்" என்றாள். கை எல்லாம் எண்ணெய் என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்ஜின் மறுபடியும் உயிர் பெற்றது. புகை இல்லை. அவர் மனசிலும் பாதி பாரம் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. அந்த நிம்மதியே ஒரு வெட்கக்கேடு என்று அப்போது தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை மழை விட்டிருந்தது. "வா, உன்னை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று தங்கையை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மூன்று தெரு தாண்டியதும், முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முகத்தைப் பார்க்க வேண்டாமென்றுதான் வண்டியில் வைத்துச் சொன்னார்.

"மாப்ள குடிக்கலம்மா."

"என்னது?"

"தப்பு என்னோடது. வளையத்தைத் தலைகீழா மாட்டிட்டேன். அவர் ஆயில் ஊத்திட்டேதான் இருந்திருக்காரு. நான்தான் பழியை அவர்மேல போட்டேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும், "வண்டியை நிறுத்துண்ணே" என்றாள். நிறுத்தினார். அவள் இறங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"மழையில நின்னாருண்ணே. போங்கன்னு சொன்னேன்."

"தெரியும்மா."

"நீ சொன்னேன்னு நம்பினேன். அவர் சொன்னதை நம்பல. இனி அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. நான் போய் அவர் கால்ல விழறேன்."

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ முதல்ல மேல போய்ச் சொல்லிடு. நான் கொஞ்சம் மூஞ்சியைச் சரி பண்ணிட்டு வரேன்" என்றாள். அந்த அழுகைக்குள்ளேயும் அவள் குரலில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததை அவர் கவனித்தார். இருக்காதா பின்னே? அவள் புருஷன் குடிக்கவில்லை.

மாடியில் கதவு சாத்தாமல் இருந்தது. ஒரே அறைதான். மூலையில் குழாயும் தொட்டியும், சுவரோரம் கட்டில், ஒரு நாற்காலி. மாப்பிள்ளை ஜன்னலோரமாக, தெருவுக்கு முகம் காட்டி நின்றிருந்தான். சவரம் செய்து ஒரு வாரம் ஆகியிருக்கும். வண்டி வந்து நின்றதைப் பார்த்திருக்கிறான். ஆனால் திரும்பவில்லை.

"மாப்ள."

"வாங்க மச்சான். உக்காருங்க."

உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு காணாமல் போயிருந்தது. நகத்தைப் பற்றி, புள்ளியைப் பற்றி, கண்ணைப் பற்றி, முன்னும் பின்னுமாக உளறிக் கொட்டினார். "எனக்குக் கிட்டத்துல எழுத்து தெரியல மாப்ள, மூணு வருஷமாவே தெரியல" என்றார். இதை அவர் மனைவியிடம்கூட ஒத்துக்கொண்டதில்லை. "ஸ்டாண்டுல எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு நானே சொல்றேன். நீங்க என்னை என்ன வேணா பண்ணுங்க. அடிங்க."

மாப்பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தைக் கொடுக்காமல் ஒதுங்கி நின்றதை மெக்கானிக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். ஆனால் குரலில் கோபம் இல்லை.

"அப்ப நான் ஊத்தினது சரிதான்" என்றான். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மச்சான். எல்லாரும் சொல்றாங்களே, ஒருவேளை ஊத்தாமதான் ஊத்தினதா நெனச்சுக்கறேனோன்னு."

"ஊத்தினீங்க மாப்ள. லிட்டர் லிட்டரா ஊத்தியிருக்கீங்க."

"எப்ப பார்த்தீங்க?"

"எதை?"

"வளையத்தை. தலைகீழா இருக்குன்னு எப்ப பார்த்தீங்க?"

"முந்தாநாள். செவ்வாக்கிழமை மத்தியானம்."

"முந்தாநாளா..." மாப்பிள்ளை முதல் தடவையாகத் திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன. "நேத்து ஏன் வரல?"

"வண்டியை நல்லாக் கட்டி, கையோட கொண்டாந்து குடுத்துட்டுச் சொல்லலாம்னு..."

"வண்டியை யாரு கேட்டா மச்சான்?"

மாப்பிள்ளை விரலை மடக்கி எண்ணினான். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஆறு விரலோடு நின்றான்.

"ஆறு நாள் தாக்குப் புடிச்சேன். ஸ்டாண்டுக்குப் போனா சிரிப்பாங்கன்னு போகல. அவ கடை வாசல்ல போய் நின்னேன். பிராந்திக் கடைப் பக்கம் போயிடக் கூடாதுன்னு, சாயங்காலம் ஆனா கதவை உள்பக்கமாப் பூட்டி, சாவியைக் கீழ் வீட்டு அம்மாகிட்ட ஜன்னல் வழியாப் போட்டுட்டுப் படுத்தேன்." குரல் இறங்கியது. "நேத்து சாயங்காலம் சாவியைக் கேட்டு வாங்கினேன் மச்சான். குடிச்சுட்டேன்."

வாசனை இப்போதுதான் மெக்கானிக்கின் மூக்கில் ஏறியது. அவர் மேலேயே பெட்ரோலும் எண்ணெயும் நாறிக்கொண்டிருந்ததால் இவ்வளவு நேரம் தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தான் புகை வருகிறதா என்று வண்டியின் பின்னால் குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. ஒரு அடி விழுந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கீழே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"யாரு, அவளா?" மாப்பிள்ளை பதறினான். "அவகிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?"

"நீங்க குடிக்கலன்னு."

மாப்பிள்ளை மூலைக்கு ஓடிக் குழாயைத் திறந்தான். கை கையாகத் தண்ணீரை வாங்கிக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினான். சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்தது. பிறகு, தன்னை ஊர் முன்னால் நிறுத்தி அசிங்கப்படுத்திய அதே மனிதருக்கு அருகில் வந்து, குழந்தை மாதிரி வாயைத் திறந்து காட்டினான்.

"நாறுதா மச்சான்?"

"நாறுது மாப்ள" என்றார். சொல்லிவிட்டு அங்கே நிற்கவில்லை. அவள் ஏறி வருவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று படியில் தடதடவென்று இறங்கினார். அவள் பாதிப் படி ஏறியிருந்தாள். முகத்தைக் கழுவி, கூந்தலைத் திருத்தி, என்ன சொல்வாரோ என்ற பயமும் சிரிப்புமாக அண்ணாந்து பார்த்தாள்.

"சொல்லிட்டியாண்ணே?"

மெக்கானிக் கையை நீட்டி அவளை மறித்தார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நில்லும்மா. இன்னும் ஒண்ணு இருக்கு."